வாக்கரின் இடது முன்னங்கால்

அடுத்தவர் வரைந்த நிலத்தில் ஆட்களைக் குடியேற்றுவது என் தொழில். ஹார்லெமில் நிலக்காட்சி வரைகிற பலருக்கு மனிதனை வரைய வராது. மேகத்துக்கு மூன்று வாரம் செலவழிப்பார்கள், மணல்மேட்டுக்கு ஒரு வாரம். பிறகு பலகையைத் துணியில் சுற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அதில் ஒரு மீன்காரியையோ, இரண்டு பசுக்களையோ, படகுக்குக் காத்திருக்கிற ஒரு பாதிரியாரையோ வைத்துத் திருப்பி அனுப்புவேன்.

வேட்டைக்காரர்களை வைத்தால் படம் சீக்கிரம் விலைபோகும். எங்கள் நாட்டில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களிடம் இருக்கிறது. படம் வாங்கும் காசு சோப்பு காய்ச்சுகிறவர்களிடமும் பீர் வடிக்கிறவர்களிடமும் இருக்கிறது. செய்யக் கூடாததைச் சுவரில் மாட்டிக்கொள்ள மட்டும் இதுவரை யாரும் தடை போடவில்லை.

நான் ஒரு நாளும் வேட்டைக்குப் போனதில்லை. கொம்பு வைத்த மானை உயிரோடு பார்த்ததுமில்லை. என்னிடம் ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்த அச்சுப்படம் ஒன்று இருக்கிறது. மூன்று குதிரை, ஒன்பது நாய், ஒரு மான். முப்பது வருடமாக அந்த மூன்று குதிரைகளும் ஹாலந்து முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. சில படங்களில் இடப்பக்கமாக, சிலவற்றில் வலப்பக்கமாக.

போன செப்டம்பரில் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். மூவரும் வந்தது ஒரு நாயின் காலைப் பற்றி.

முதலில் வந்தவர் ஓவர்டைன் ஊரின் மேயர், லம்பிரெக்ட் பிரோங்க். வினிகர் வியாபாரி. பேசும்போது முகமும் கொஞ்சம் புளிக்கும்.

விஷயம் இதுதான். அவர் ஊரில் துணி வெளுக்கிற திரைன் என்ற பெண்ணின் நாய், வாக்கர், மணல்மேட்டில் ஒரு முயலைக் கவ்விவிட்டது. மணல்மேடு ஹாஸ்லார் பிரபுவுடையது என்று பிரபு சொல்கிறார். மணல்மேட்டுப் பக்கம் சாதாரண ஜனங்களின் நாய் திரிந்தால், ஓட முடியாதபடி கழுத்தில் கட்டை தொங்க வேண்டும். தொங்காத நாய்க்கு முன்னங்கால் ஒன்றை வெட்ட வேண்டும் என்பது சட்டம். வாக்கர் கழுத்தில் கட்டை இல்லை. மணல்மேட்டுக் காவலன் இடது முன்னங்காலைக் கேட்கிறான்.

"நாய் கெடக்கட்டும் லுபெர்ட்," என்றார் மேயர். "எங்க ஊர்க்காரங்க அந்த மேட்டுல தலைமுறை தலைமுறையா வேட்டையாடறோம். அதுக்கு அத்தாட்சி எங்க ஊர் மன்றத்துச் சுவர்ல தொங்குது. எவெர்ட் வரைஞ்ச நிலக்காட்சி. அதுல இருக்கற ஆறு வேட்டைக்காரங்களும் உங்க கை. பார்த்ததை வரைஞ்சேன்னு ஹேக்ல வேட்டை மன்றத்துக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் அந்த மேட்டுக்கே வந்ததில்லையே."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களைத் தவிர யாருக்குன்னு கேட்டேன்."

மறுநாளே வந்தவர் பிரபுவின் காரியஸ்தர் யோசியஸ். வந்தவர் அடுப்பைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கால்வாயைப் பார்த்துத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். படங்களை மட்டும் பார்க்கவில்லை. என் அப்பா கௌடா சந்தையில் பாலாடைக்கட்டி வியாபாரி. அங்கே அவரோடு பத்து வருடம் நின்று பேரம் பார்த்தவன் நான். ஆள் எதைப் பார்க்காமல் தவிர்க்கிறாரோ அதற்குத்தான் வந்திருக்கிறார்.

"எங்க மாளிகைக் கூடத்துல ஒரு படம் இருக்கு," என்றார் கடைசியில். "பெரிய பிரபு, அதாவது இப்ப இருக்கறவரோட அப்பா, அதே மணல்மேட்டுல மானைத் துரத்தறார். ஊர்க்காரங்க தொப்பியைக் கழட்டிட்டு ஓரமா நின்னு பார்க்கறாங்க. எவ்வளவு தத்ரூபம். அது நேர்ல பார்த்து வரைஞ்சது. ஊர்க்காரங்க படம் கற்பனை. இவ்வளவுதான் நீங்க சொல்ல வேண்டியது."

"ரெண்டும் ஒரே கை. ஒரே வருஷம். அது எப்படி ஒண்ணு நேர்ல, ஒண்ணு கற்பனை?"

"ஒரே கோழிதான். ஒரு நாள் முட்டை போடுது, ஒரு நாள் சும்மா கத்துது."

இருவருமே போகிற போக்கில் புதிதாக நான்கு படம் வேண்டும் என்றார்கள். இருவரிடமும் யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசிக்கத்தான் நினைத்தேன். ஆனால் வியாபாரம் தெரிந்தவர்கள் அல்லவா. மேயர் வாசலில் நின்று நான்கை ஐந்தாக்கினார், காரியஸ்தர் ஆறாக்கினார்.

மூன்றாவதாக வந்தது திரைன். கூடவே வாக்கர். சாம்பல் நிறத்தில் ஒல்லியான நாய், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். வந்த வேகத்தில் என் பூனையை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, சாதுவாக உட்கார்ந்துகொண்டது. திரைனின் கைகள் காரத் தண்ணீரில் ஊறி வெடித்திருந்தன. அவள் உடுப்பில் மோர் வாசனை. வெளுப்புக்காரர்கள் துணியை மோரில் ஊறவைத்து வாழ்கிறவர்கள். கேட்க வந்த விஷயத்தைக் கேட்காமல், நான் வரைந்துகொண்டிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இவங்க எதைத் துரத்தறாங்க?"

"மானை."

"மான் எங்க?"

"படத்துக்கு வெளியே ஓடிட்டிருக்கு."

"அப்ப அது மானா மாடான்னு வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்கறவங்களுக்குச் சொல்லுவேன்."

"யாராவது கேட்டிருக்காங்களா?"

இல்லை, முப்பது வருடத்தில் அவள்தான் முதல் ஆள்.

"ஊர்க்காரங்களுக்கு உரிமை வேணும், பிரபுவுக்கும் உரிமை வேணும்," என்றாள் திரைன். "எனக்கு இவன் கால் வேணும். மேட்டு அடிவாரத்துல இருநூறு கஜம் துணி காயுது. ராத்திரிக் காவல் இவன் ஒருத்தன். துணி மேல மிதிக்காம ஓரத்துலயே ஓடறதுக்குப் பழக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. மூணு காலோட இவன் துரத்தினா, திருடன் நடந்தே வீட்டுக்குப் போயிடுவான். துணி போச்சுன்னா மறு வருஷம் எனக்கு யார் துணி குடுப்பா?"

வாக்கர் எழுந்து வந்து என் சாயப் பலகையை முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டுத் திரும்பியது.

அவள் போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். ஊர்க்காரர் பக்கம் பொய் சொல்லிவிடலாம். ஊருக்கு உரிமை உண்டு என்று தீர்ந்தால் முயலைப் பிடித்தது குற்றமில்லை, கால் தப்பும். ஆறு படத்தை விட்டு ஐந்து படத்துக்குப் போகிறவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஹேகுக்கு, கரையில் குதிரை இழுத்துப் போகிற படகில் எவெர்ட்டும் நானும் சேர்ந்தே போனோம். நிலம் அவர் கையென்பதால் அவருக்கும் அழைப்பு. எவெர்ட் பேசுகிற ஆளில்லை. லைடன் வரை வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். லைடன் தாண்டியதும், "வடமேற்கு," என்றார். காற்றைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மன்றத்தில் மூன்று கனவான்கள். மூன்று பேரும் பிறப்பால் வேட்டைக்காரர்கள். நடுவில் இருந்த தலைவருக்கு வெயிலில் கருத்த கழுத்து; காலையில் எங்கேயோ போய்விட்டு நேராக வந்திருக்கிறார், பூட்ஸில் ஈர மண். வக்கீல்கள் படித்த மனுக்களைக் கேட்டு மூவருக்கும் கண் சொருகியது. படங்களைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததுதான் தாமதம், மூன்று பேரும் நாற்காலியை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

முதலில் பிரபுவின் படம். தலைவர் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"எவெர்ட், இது எந்த மாசம்?"

"ஏப்ரல்," என்றார் எவெர்ட். "இலை இப்பதான் விடுது. பாருங்க."

"பார்த்தேன். அதான் கேட்கறேன். ஏப்ரல்ல மான் தலையில கொம்பு எங்க இருந்து வந்துச்சு? அதுக்குள்ள விழுந்திருக்குமே. இது பத்துக் கிளைக் கொம்போட ஓடுது."

இடப்பக்கத்துக் கனவான் சொன்னார்: "பெரிய பிரபு ஏமாந்துடக் கூடாதுன்னு பழைய கொம்பை மறுபடி மாட்டிக்கிட்டு வந்திருக்கும்."

காரியஸ்தர் யோசியஸ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கொம்பில்லாத மானை வரைந்தால் யார் வாங்குவார்கள்? எந்த மாதம் விழும் என்றெல்லாம் அந்த அச்சுப்படத்தில் எழுதியிருக்கவில்லை.

அடுத்து ஊர்க்காரர் படம். இங்கேதான் நான் சத்தியம் செய்ய வேண்டும். வலது கையின் இரண்டு விரலை உயர்த்திவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் தலைவர் திரும்பினார்.

"இந்த ஆள் கையிலேருந்து பறக்கற பருந்து கண்ணுல முகமூடி இருக்கே?"

"பருந்துக்கு முகமூடி உண்டுதானே ஐயா?"

"கையில உட்கார்ந்திருக்கும்போது உண்டு. பறக்க விடறப்ப கழட்டணும். முகமூடியோட பறந்தா நேரா தேவாலயக் கோபுரத்துல போய் முட்டும். இதை நேர்ல பார்த்தீங்களா?"

என் இரண்டு விரலும் இன்னும் மேலேயே நின்றன. பார்த்தேன் என்றால், பருந்து கண்மூடிப் பறந்ததையும் பார்த்தேன் என்றாகும். என் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு: பாலாடைக்கட்டியில் வாங்குகிறவன் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்துவிட்டால், மிச்சத்தை அவரே காட்டிவிடுவார். தேடவிட்டால் இல்லாததும் சேர்ந்து கிடைக்கும் என்பார்.

"பார்க்கலை ஐயா," என்றேன். "இந்த ஆறு பேரையும் பார்க்கலை. பெரிய பிரபுவையும் பார்க்கலை. மானைப் பார்த்ததே இல்லை. எல்லாமே ஒரு அச்சுப்படத்துலேருந்து எடுத்தது. வேட்டைக்காரங்களை வெச்சா படம் விற்கும், அதனால வெச்சேன்."

மேயர் பிரோங்க் வினிகர் குடித்தவர் போல முகத்தைச் சுருக்கினார். காரியஸ்தருக்கும் சந்தோஷமில்லை, ஆனால் சும்மா இருக்கவில்லை. "அப்ப ஊருக்கு உரிமை இருந்ததுக்கு அத்தாட்சி இல்லைன்னு ஆகுது. நாய் குத்தம் பண்ணது பண்ணதுதான். கால் எங்களுக்கு வந்தாகணும்," என்றார்.

பின்வரிசையில் திரைன் எழுந்து நின்றாள். வாக்கரின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தலைவர் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. கண்ணைச் சுருக்கி, தலையை ஒருபக்கம் சாய்த்து, என் வெள்ளைப்புள்ளிக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன? குதிரை வயித்துக்குள்ள வெள்ளையா ஒரு கோடு ஓடுது. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளியே வருது."

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். மெல்லியதாகப் பூசிய சாயம் வருடம் ஆக ஆகக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடியில் இருப்பது மெதுவாக மேலே எட்டிப் பார்க்கும். என் குதிரைக்குள் இரண்டு, இல்லை, மூன்று வெள்ளைப் பட்டைகள். நான் வரைந்ததில்லை. அது என்னவென்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"துணி," என்றார் எவெர்ட், இருந்த இடத்திலிருந்தே.

"என்ன துணி?"

"வெளுக்கப் போட்ட துணி. அங்கே காய்ஞ்சுது, வரைஞ்சேன். இவன் அது மேல குதிரையை நிறுத்திட்டான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "எவெர்ட், இருபத்திரண்டு வருஷமா இதை நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேட்கவே இல்லையே."

அந்த நேரத்தில் அந்த மன்றத்தில் யாருக்கும் பிரபுவின் உரிமை, ஊரின் உரிமை எதுவும் நினைவில் இல்லை. குதிரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். தலைவர் என் கையில் பேனா சீவுகிற கத்தியைக் கொடுத்தார். மேயர் தடுக்கப் பார்த்தார்.

"ஐயா, இது ஊர்ச் சொத்து. குதிரையோட சேர்த்துத்தான் வாங்கினோம்."

"குதிரை மேல ஏறியிருக்கறது யாரு? நீங்களா?"

"என் மாமனார் மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க."

"அவர் இறங்கிக்கட்டும்."

நான் வரைந்ததிலேயே நல்ல குதிரை அது. அதன் வயிற்றைச் சுரண்டினேன், பிறகு பின்னங்கால்களை. எவெர்ட் பக்கத்தில் நின்று, "மெதுவா. அடியில இருக்கறது என்னோடது," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தூள் தூளாகப் பழுப்பு உதிர, வெள்ளைப் பட்டைகள் நீண்டு நீண்டு புல் மேல் படுத்தன. ஏழு துணி. கடைசித் துணியின் ஓரத்தில், குளம்பு இருந்த இடத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சாம்பல் அழுக்கு.

"இது?" என்றார் தலைவர்.

"நாய்," என்றார் எவெர்ட்.

"நாயா?"

"எனக்கு அவ்வளவுதான் வரும். அதனாலதானே இவனை வெச்சுக்கறேன்."

மூன்று கனவான்களும் வரிசையாகக் குனிந்தார்கள். இடப்பக்கத்தவர் அது வாளி என்றார். வலப்பக்கத்தவர் வாளிக்கு நிழல் இப்படி விழாது என்றார். தலைவர் என் கையிலிருந்த கத்தியை வாங்கி நுனியால் ஒரு பொட்டு சாயத்தை எடுத்துவிட்டு, "காது. ஒண்ணு நிக்குது, ஒண்ணு மடிஞ்சிருக்கு," என்றார்.

"காது இல்லை, வாளிப் பிடி," என்றார் இடப்பக்கத்தவர்.

"நேர்ல பார்த்துதான் வரைஞ்சீங்களா?" தலைவர் எவெர்ட்டைக் கேட்டார்.

"நேர்ல பார்க்கலைன்னா அதை எதுக்கு வரையறேன்? யாரு காசு குடுப்பா அதுக்கு?"

நான் முப்பது வருடத்தில் கேட்ட சாட்சிகளில் இதைவிட வலுவான சாட்சி கிடையாது. யாரும் விலை கேட்காத பொருளைப் பற்றிப் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

தலைவர் நாற்காலிக்குத் திரும்பினார். தீர்ப்பைக் கேட்ட மாதிரியே எழுதுகிறேன்: இரண்டு படங்களும் வேட்டைக்கு அத்தாட்சி ஆகா. உரிமை கோருகிறவர்கள் எழுத்து ஆதாரத்தோடு வரட்டும். ஆனால் மேட்டு அடிவாரத்தில் துணி வெளுத்ததும், துணிக்கு நாய் காவல் இருந்ததும் பழைய வழக்கம் என்று மன்றத்தில் இரண்டு பேர் நம்புகிறார்கள். மூன்றாமவர் வாளியை நம்புகிறார். ஆகவே வாக்கர் வேட்டை நாயல்ல, காவல் நாய். வேலை செய்கிற இடத்தில் இருந்தது. கால் வெட்ட வேண்டாம். இனிமேல் முயலைத் துரத்தாதபடி கழுத்தில் கட்டை கட்ட வேண்டும். அதன் அளவைக் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்.

திரைன் உட்கார்ந்து நாயின் இடது முன்னங்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை; மற்ற காலையும் கொடுத்தது.

மன்றத்து வாசற்படியில் பேரம் ஆரம்பித்தது. எங்கள் சந்தைகளில் மாடு விற்கிற மாதிரிதான்: ஒருவர் அளவைச் சொல்லி எதிராளியின் உள்ளங்கையில் அறைவார், அவர் வேறொன்று சொல்லித் திருப்பி அறைவார், கை கையோடு நின்றுவிட்டால் முடிந்தது. காரியஸ்தர் யோசியஸ் கையுறையைக் கழற்றினார்.

"ஒரு முழம்," என்று அறைந்தார்.

"ஒரு விரல்," என்று திரைன் அறைந்தாள். அவள் அறைந்தது எனக்கே வலித்தது.

"ஏம்மா, விரலளவு கட்டைக்கு எலிகூட நிக்காது. முக்கால் முழம்."

"முக்கால் முழக் கட்டையைக் கட்டினா காவலுக்கு நான்தான் குரைக்கணும். ரெண்டு விரல்."

"முக்கால் முழத்துல ரெண்டு விரல் கம்மி. பிரபு என்னைக் கேள்வி கேட்பார்."

"என்னைத் திருடன் கேள்வி கேட்கவே மாட்டான், அதுதான் என் பயம். மூணு விரல்."

காரியஸ்தரின் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. நான் குறுக்கே புகுந்தேன். "ஒரு சாண். ரெண்டு பேருக்கும் பாதி நஷ்டம்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரைன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஏதோ பறிகொடுத்தவளைப் போல மெதுவாகக் கையை வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் யோசியஸ் அவசரமாக அறைந்துவிட்டார். கை கையோடு நின்றது.

"சரி, ஒரு சாண்," என்றாள் திரைன். "வில்லோ மரம்."

"எது?"

"மரக்காலணி செய்வாங்களே, அந்த மரம். காய்ஞ்சதா பார்த்துப் போடறேன்."

"ஓக் மரம்னு நினைச்சேன் நான்."

"நினைச்சீங்க. சொல்லலையே."

யோசியஸ் என்னைப் பார்த்தார். காய்ந்த வில்லோ தக்கை மாதிரி லேசு; நீளத்தைப் பற்றியே நாற்பது அறை அறைந்தவர் எடையைக் கேட்க மறந்துவிட்டார். என் அப்பா இருந்திருந்தால் அவருக்காக ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்து அனுதாபப்பட்டிருப்பார். நான் வாங்கிக் கொடுத்தேன். பாதிக் கோப்பையில் அவர், மாளிகைப் படத்தில் அந்த மரங்களை மட்டும் அக்டோபருக்கு மாற்ற முடியுமா என்று எவெர்ட்டைக் கேட்டார். எவெர்ட் வானத்தைப் பார்த்தார்.

மேயருடைய ஐந்து படமும் வரவில்லை, காரியஸ்தருடைய ஆறும் வரவில்லை. மன்றத் தலைவரிடமிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்தது: மணல்மேடு, துணி, நாய். வேட்டைக்காரர்கள் வேண்டாம். நாயை நேரில் பார்த்து வரைய வேண்டும்.

அதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேட்டுக்குப் போனேன். திரைன் ஒரு வாளி மோரைத் துணி மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாக்கரின் கழுத்துக் கயிற்றில் ஒரு சாண் வில்லோ மரம். முதல் வாரம் அது காலில் இடித்து இடித்து விழுந்ததாம். இப்போது வேறு வழி கண்டுபிடித்திருந்தது: கட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. துணியின் ஓரத்திலேயே, நாலு காலும் பறக்க. மேட்டிலிருந்து ஒரு முயல் இறங்கி வந்து அதைப் பார்த்து நின்றது. வாக்கரும் நின்று பார்த்தது. வாயைத் திறந்தால் கட்டை விழும். திறக்காவிட்டால் கடிக்க முடியாது. இரண்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அதற்குள் நான் இரண்டையும் வரைந்துவிட்டேன்.